டிஸ்சார்ஜ் ஆன மூன்றாவது வாரம்

பூச்சி மருந்து விஷம் என்றால் நம் ஊரில் இரண்டே முடிவுதான். ஒன்று ஆள் போய்விட்டார், இல்லையென்றால் பிழைத்துக்கொண்டார். பிழைத்தவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம், பருத்தியும் மக்காச்சோளமும்தான் பிழைப்பு. விலை கட்டுப்படியாகாமல் சித்தப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்து ஒரு லிட்டர் வாங்கிப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அசல் பாட்டில் அவரிடம் போனது, சித்தப்பாவின் பங்கு ஒரு காலி பிராந்தி பாட்டிலுக்குள் போனது. மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். கரண்ட் இல்லாத ராத்திரி, மோட்டார் கொட்டகை, ஏற்கெனவே கொஞ்சம் போட்டிருந்த மனுஷன், சரக்கு என்று நினைத்து இரண்டு மடக்கு.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "என்ன மருந்து?" என்பதுதான். பிராந்தி பாட்டிலில் பெயரும் இல்லை, கடும் விஷம் என்று காட்டும் மஞ்சள் முக்கோணமும் இல்லை. மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரரின் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் தெரிந்தது. (2013இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்தார்களே, அங்கேயும் சமையல் எண்ணெய் இருந்தது பூச்சி மருந்து டப்பாவில்தான். பாட்டில் மாறுவது நமக்குச் சின்ன விஷயம்.)

அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போட்டு வியர்வை, எச்சில் எல்லாம் அடங்கி, கண் விழித்துப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, உடனே வென்டிலேட்டர். தேறிவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் இப்படி வரும் என்று 1987இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் சேனநாயக்க, கரலியத்த என்ற இரண்டு இலங்கை மருத்துவர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அதைக் கவனித்துக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. 'நல்ல நிலையில் வீடு திரும்பினார்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், வந்துவிட்டோம்.

என் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததில்தான்.

மூன்றாவது வாரம் கெண்டைக்கால் இழுக்குது என்றார். பிறகு உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்தார், இன்னொன்று வழியில் கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. வாதம் என்றார்கள், எண்ணெய் போட்டு நீவினோம். முதுகு எலும்பில் ஜவ்வு விலகியிருக்கும் என்றார்கள், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. செய்வினை என்று சொல்லவும் ஆள் இருந்தார்கள். இரண்டு மாதம் அலைந்த பிறகு ஒரு நரம்பு டாக்டர் கரண்ட் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு முன்னாடி மருந்து ஏதாவது குடித்தாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை!

குளோர்பைரிபாஸ் மாதிரியான பூச்சி மருந்துகள் உடம்பில் ஒரு நொதியை முடக்குவதால்தான் முதல் நாள் எச்சில், துடிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம். சில மருந்துகள் நரம்பில் இருக்கும் வேறொரு நொதியையும் பிடித்துக்கொள்ளும், அந்தச் சேதம் வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். நீளமான நரம்பின் நுனிதான் முதலில் பட்டுப்போகும், அதனால்தான் கால் முதலில். அட்ரோபின் இதைத் தடுக்காது. குடித்த எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் புதிய வியாதி ஒன்றும் இல்லை. 1930இல் அமெரிக்காவில் கலப்பட இஞ்சிச் சாராயம் குடித்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விழுந்தது இதே குடும்பத்து ரசாயனத்தால்தான். 1977-78இல் இலங்கையில், பெரிய மனுஷியான பெண்பிள்ளைகளுக்கு உடம்பு தேற நாம் கொடுப்போமே நல்லெண்ணெய், அதில் அந்த ரசாயனம் கலந்து 20க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இப்படி ஆகியிருக்கிறது.

முன்னாலேயே தெரிந்திருந்தால் குணமாகியிருக்குமா என்றால், இல்லை, இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. ஆனால் நாற்பதாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும், பிசியோதெரபி இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்கும், சித்தி கோயில் கோயிலாக அலைந்திருக்க மாட்டாள்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே பேசியது. செத்தால்தான் கணக்கு. கால் போனவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மருந்து விஷத்தில் பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'மூன்றாவது வாரம் வந்து காலைக் காட்டவும்' என்று ஒரு வரி, அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.

அதுவரைக்கும், உங்கள் வீட்டில் அப்படிப் பிழைத்து வந்தவர் யாராவது கெண்டைக்கால் இழுக்குது என்று சொன்னால், குதிகாலை ஊன்றி நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். பாதத்தின் முன்பக்கம் மேலே தூக்கவில்லையென்றால் உடனே கூட்டிக்கொண்டு போய், மருந்து குடித்த கதையை முதலில் சொல்லுங்கள். நாங்கள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.