பெர்லின் போலீஸ் தலைவரைக் கொன்றது புரட்சிக்காரர்களா?

பெர்லின் போலீஸ் தலைவர் கார்ல் லுட்விக் ஃபொன் ஹிங்கெல்டையை 1848-இல் மன்னராட்சியை எதிர்த்து எழுந்த புரட்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1848 நவம்பரில், புரட்சி ஒடுக்கப்பட்டுவந்த நேரத்தில்தான் அவர் அந்தப் பதவிக்கே வந்தார்.

சட்டம் படித்து, பிரஷ்யாவின் (பெர்லினைத் தலைநகராகக் கொண்ட அன்றைய ஜெர்மானிய அரசு) மாகாண நிர்வாகத்தில் படிப்படியாக உயர்ந்தவர். ஜனநாயகவாதிகளையும் பத்திரிகைகளையும் விடாமல் துரத்தினார். அதனால் இந்தக் கதையை நம்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அவரைச் சுட்டவர் ஹான்ஸ் ஃபொன் ரோஹோ என்ற பிரபு. பிரபுக்கள் கூடும் சூதாட்ட விடுதியில் போலீஸ் சோதனை நடத்தியதில் தொடங்கிய பகை, 1856 மார்ச் 10 அன்று பெர்லினின் யுங்ஃபெர்ன்ஹைடெ காட்டில், இருவரும் பேசிவைத்து நேருக்கு நேர் நின்று சுடும் துப்பாக்கிச் சண்டையில் (டூயல்) முடிந்தது. அப்படிச் சண்டை போடுவது அன்றைய சட்டப்படி குற்றம். போலீஸ் தலைவரே அதற்குப் போய் நின்றார் என்பதுதான் வேடிக்கை.

அப்புறம், ‘வெறும் ஒடுக்குமுறையாளர்’ என்ற அடைமொழியும் பாதி உண்மைதான். 1851-இல் பெர்லினுக்கு முறையான தீயணைப்புப் படை அமைந்ததும், குழாய்நீர்த் திட்டத்துக்கு ஆங்கிலேயர்களுடன் ஒப்பந்தம் போட்டதும் அவர் காலத்தில்தான். அச்சக உரிமையாளர் எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸின், சுவரொட்டிகளை ஒட்டுவதற்கான விளம்பரத் தூண்களுக்கு 1854-இல் அனுமதி தந்ததும் அவரே. சுவர்களில் கண்டபடி ஒட்டப்படும் சுவரொட்டிகளைக் கட்டுக்குள் வைக்க அது போலீசுக்கும் வசதியாக இருந்தது.