கிழக்குப் பக்கமும் பாருங்கள்
முகில், மூடுபனி பற்றிய உங்கள் கட்டுரையில், முகில் இடுக்கில் இறங்கும் கதிர்கள் சூரியனிலிருந்து விசிறிபோல விரிவதாக இருக்கிறது. உண்மையில் அவை ஏறக்குறைய சமாந்தரமானவை. தண்டவாளம் தூரத்தில் ஒடுங்குவது போன்ற கண்மயக்கம்தான். தூசியும் நுண்ணிய நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிப்பதால் கோடு தெரிகிறது. இடையில் கறுப்பாகத் தெரிபவை முகிலின் நிழல்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. பின்னேரம் எல்லாரும் மேற்கைப் பார்க்கும்போது, கோணேசர் கோயில் மலையில் நின்று கடல் பக்கம் திரும்புங்கள். வாய்த்தால் அதே கதிர்கள் கிழக்கு அடிவானில் மறுபடி கூடுவதுபோல் தெரியும். மங்கலாகத்தான் இருக்கும், ஃபோன் படத்தில் சரியாக விழாது.

அப்புறம், பார்வைத்தூரம் 1 கிலோமீற்றருக்குக் குறைந்தால்தான் மூடுபனி. கட்டுரையில் அந்த அளவையும் சேர்த்துவிடுங்கள்.