ஐம்பது பேரை எண்ண முடியவில்லையாம்!

அன்றைக்குக் காலை 11 மணிக்குக் காபி டம்ளரோடு, நாடாளுமன்றத்தை நேரலையில் காட்டும் சன்சத் டிவி முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கொரோனா சமயத்தில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு ரயில் நிற்பதை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எங்கள் எம்.பி. கொடுத்த கேள்வி அன்று பட்டியலில் மூன்றாவது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அதாவது அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், பட்டியலில் வரும். நல்ல நாளிலேயே ஐந்தாறைத் தாண்டுவது அபூர்வம். குலுக்கலில் மூன்றாவது இடம் விழுவதென்றால் லாட்டரி அடித்த மாதிரி.

11.02க்கு எதிர்க்கட்சி வரிசையில் பதாகைகள் எழுந்தன. 11.06க்கு அவை 12 மணி வரை ஒத்திவைப்பு. அப்புறம் 2 மணி வரை. அப்புறம் மறுநாள் வரை. காபி ஆறுவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிட்டது. இதில் கொடுமை என்ன தெரியுமா? சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் இருக்கும் மையப்பகுதியில் பதாகை பிடித்து நின்றவர்களில் எங்கள் எம்.பி.யும் ஒருவர்! தன் கேள்விக்குத் தானே வேட்டு வைத்துவிட்டு நிற்கிறார் மனிதர்.

‘எழுத்துப்பூர்வ பதில்தான் வந்துவிடுமே’ என்பார்கள். வந்தது. நிறுத்தம் தருவது தொடர் நடைமுறை, சாத்தியத்தைப் பொறுத்தது என்று நாலு வரி. நட்சத்திரக் கேள்வியின் உயிரே துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. ‘அது சரி, நிறுத்தத்தை எடுத்தபோது என்ன கணக்குப் பார்த்தீர்கள்?’ என்று எழுந்து கேட்டிருந்தால் அமைச்சர் அங்கேயே நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம்தான் போனது. அமைச்சருக்கு இதில் வருத்தமா? பரீட்சை அன்று மழை லீவு விட்ட பையனுக்கு என்ன வருத்தம் இருக்கும்?

எதிர்க்கட்சிக்காரர்களுக்கு இது ஏன் உறைக்கவே மாட்டேன் என்கிறது? அமளி நடந்தால் அரசாங்கம் முடங்கும் என்ற கணக்கெல்லாம் மலையேறிப் பல வருஷமாகிறது.

2018 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். காங்கிரஸ் நீரவ் மோடியின் வங்கி மோசடி விவகாரத்துக்காகக் கத்தியது. தெலுங்கு தேசம் ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்துக்காக. நம்ம அ.தி.மு.க. எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மையப்பகுதியில் நின்றார்கள். நியாயமான கோரிக்கை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே மார்ச் 14ஆம் தேதி பட்ஜெட்டுக்கான நிதி மசோதா விவாதமே இல்லாமல், தலை எண்ணாமல் ‘ஆம்’, ‘இல்லை’ குரலை வைத்தே முடிக்கும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதற்குள்ளே ஒரு சின்ன ஷரத்து: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கான திருத்தம், 1976 முதல் முன்தேதியிட்டு. பா.ஜ.க.வும் காங்கிரசும் அந்தச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014ல் சொல்லியிருந்ததே, அந்தத் தலைவலிக்குத்தான் மருந்து. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மாத்திரை.

இரண்டு நாள் கழித்து நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். அவை ஒழுங்கில் இல்லை, அதனால் தலைகளை எண்ண முடியவில்லை என்று சொல்லி நாளுக்கு நாள் ஒத்திவைத்தார்கள். கூட்டத்தொடரே முடிந்துபோனது! நாட்டின் பட்ஜெட்டை நிறைவேற்ற அமளி தடையில்லை, ஐம்பது தலையை எண்ணத்தான் தடை. சின்னக் குழந்தைகூட நம்புமா இதை?

2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களும் இப்படித்தான் போயின. வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டார்கள். அமளியைக் காரணம் காட்டிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் கிடையாது.

2023 டிசம்பர் இன்னும் மோசம். அவைக்குள் புகைக்குப்பியோடு ஆட்கள் குதித்தார்களே, அதைப் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்கு இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். அந்த அவசரத்தில் சேலம் தி.மு.க. எம்.பி. பார்த்திபனையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவர் அன்று அவையிலேயே இல்லை! அடையாளம் மாறிவிட்டது என்று பிறகு பெயரை எடுத்தார்கள். பாதி காலியான அவையில் 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான சட்டம் உட்பட மூன்று குற்றவியல் சட்டங்கள் இரண்டே நாளில் இரு அவைகளையும் தாண்டின.

ஆளுங்கட்சிக்காரர்கள் ‘மக்கள் வரிப்பணம் வீணாகிறது’ என்று கண்ணீர் விடும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காங்கிரஸ் ஆட்சியில் 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை, 2ஜி அலைக்கற்றை விவகாரத்தை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு கேட்டு மொத்தமாக முடக்கியது யார்? 2012ல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு விவகாரத்தில் முடக்குவதும் ஜனநாயக முறைதான் என்று வாதாடியது யார்? அப்போது பாடம் எடுத்த காங்கிரஸ் இப்போது மையப்பகுதியில் நிற்கிறது. வசனத்தாளை மட்டும் கைமாற்றிக்கொண்டார்கள்.

இங்கே அன்றைக்கு என்ன பேசுவது என்பதே அரசாங்கத்தின் கையில். பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடரில் 20 நாள் எதிர்க்கட்சிகள் வைத்ததுதான் பொருள். அப்படி நாள் கேட்டுச் சண்டை போடுங்கள், நானே கைதட்டுகிறேன். முதல் மக்களவை வருஷத்துக்குச் சராசரியாக 135 நாள் கூடியது, 17ஆவது மக்களவை 55 நாள். அந்த 55லும் கத்திக் கலைந்தால் மிச்சம் என்ன?

கோபம் அடங்காமல் எம்.பி. ஆபீசுக்குப் போன் போட்டேன். “அது கட்சி முடிவு சார், தலைமை சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும்” என்றார் உதவியாளர். சரி, ரயில்? “அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி கேள்வி கொடுத்திருக்கோம் சார். குலுக்கலில் வரணும்.”