பச்சை மூடியா, ஊதா மூடியா?

‘ஒரு குழாய் ரத்தம் போதும், எல்லா மரபணுச் சோதனையும் முடிந்துவிடும்’ என்று ஒரு கட்டுரையில் ஒரு வரி. அது சரியில்லை. சி.எம்.எல். ரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதைக் கேரியோடைப்பில் (குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரிசைப்படுத்தும் சோதனை) பார்க்க உயிருள்ள செல் வேண்டும். அதற்கு ஹெப்பாரின் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து) போட்ட பச்சை மூடிக் குழாய். அந்தத் துண்டு மாற்றத்தால் உண்டாகும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற கூட்டு மரபணுவின் அளவு பார்க்க, ரத்தம் கட்டாமல் தடுக்கும் இன்னொரு பொருளான ஈ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடி. (அளக்கும் முறையின் பெயரும் பிசிஆர்தான், ஆனால் அது PCR. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் தீராது!) மாற்றி எடுத்தால் ஹெப்பாரின் அந்த PCR வினையையே கெடுத்துவிடும்.

நம்ம பக்கம் கோளாறு பெரும்பாலும் வழியில்தான். தென்காசியிலோ வள்ளியூரிலோ சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த ரத்தம் சென்னை லேபுக்குத் திங்கள்கிழமைதான் போகும். அதற்குள், பிசிஆர்-ஏபிஎல்லை அளக்கத் தேவையான ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்) சிதையும், இருக்கிற நோய் இல்லாததுபோல் காட்டலாம். ரிப்போர்ட்டில் ஏபிஎல் காப்பி (மாதிரி கெடாமல் இருக்கிறதா என்று காட்டும் ஒப்பீட்டு மரபணுவின் எண்ணிக்கை) 10,000-க்குக் குறைந்திருந்தால் அந்த ‘நெகட்டிவ்’வை நம்பாதீர்கள். வாரத் தொடக்கத்திலேயே எடுங்கள். வெயிலுக்குப் பயந்து குழாயை ஐஸ் மேல் நேரே வைக்கவும் வேண்டாம், ரத்தம் பனிபோல் உறைந்தால் செல் உடைந்துவிடும்.

சி.எம்.எல்.லுக்கான இமாட்டினிப் மாத்திரை தொடங்கினால் பிசிஆர்-ஏபிஎல் அளவு 3 மாதத்தில் 10%, 6-ல் 1%, 12-ல் 0.1%க்குள் வரவேண்டும், ஒரே லேபில் பாருங்கள். அளவு ஏறினால், மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் மாத்திரை அட்டையை எண்ணுங்கள். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும் என்பேன். அட்டை சரியாக இருந்தால், மருந்துக்கு அடங்காதபடி மரபணு மாறியிருக்கிறதா என்று மியூட்டேஷன் சோதனை. டி315ஐ (T315I) என்ற மாற்றம் வந்தால் இமாட்டினிப் டோஸைக் கூட்டிப் பயனில்லை. பொனாட்டினிப், அசிமினிப் போன்ற மருந்துகள்தான் வேலை செய்யும்.