‘ரோர்’ படத்தில் விலங்குகளும் செத்தன

நிஜச் சிங்கங்களை வைத்து எடுத்த 1981 ஹாலிவுட் படம் ‘ரோர்’ (Roar). அதில் நடிகர்களுக்கும் படக்குழுவுக்கும்தான் காயம், ஒரு விலங்குக்கும் சேதமில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது 2015 மறுவெளியீட்டின் விளம்பர வாசகம். பாதிதான் உண்மை.

மனிதர்கள் பட்ட பாடு நிஜம். ஆப்பிரிக்கக் காட்டு வீட்டில் சிங்கங்களிடம் சிக்கும் குடும்பமாக நடித்தவர்கள் நிஜத்திலும் ஒரே குடும்பம்: இயக்குநர் நோயல் மார்ஷல், அவர் மனைவி டிப்பி ஹெட்ரன், இருவரின் பிள்ளைகள். ஹெட்ரனின் பதின்வயது மகள் மெலனி கிரிஃபித்தின் முகத்தைச் சிங்கம் கீறியதில் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. ஒளிப்பதிவாளர் யான் டி போண்டுக்குத் தலைத்தோல் பிய்ந்து 220 தையல்.

ஆனால் விலங்குகள் தப்பவில்லை. படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவில். 1978 தொடக்கத்தில் அங்கே பெருவெள்ளம் வந்து செட்டை அடித்துக்கொண்டு போனது. வேலி உடைந்து சிங்கங்கள் வெளியேற, காவலர்கள் சிலவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். கூட்டத்தின் தலைவனாக வரும் ராபி என்ற சிங்கமும் அதில் போனது. மீதிக் காட்சிகளுக்கு வேறு சிங்கத்தை வைத்தார்கள்.

அந்தச் சாவுகளை ஒரு போஸ்டர் வரிக்காக மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பாருங்கள், அந்தப் பயம் துளியும் நடிப்பில்லை. அப்புறம், ‘விலங்குகளுக்குத் தீங்கில்லை’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள்.