பார்பேரியனை ஐந்தாம் லெவலுக்கு முன் பிரிக்காதீர்கள்

திருப்பூரில் ஞாயிறுதோறும் நாங்கள் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடுகிறோம். போன வாரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "ஏனுங்கண்ணா, மூணு லெவல் பார்பேரியன் எடுத்துட்டு அப்படியே ஃபைட்டருக்குத் தாண்டிக்கலாங்களா?" என்று கேட்டார். பார்பேரியன் என்பது வெறியோடு மோதும் வீரன், ஃபைட்டர் என்பது பயிற்சி பெற்ற போர்வீரன்; இப்படிப்பட்ட பாத்திர வகைகளே வகுப்புகள், பாத்திரம் வளரும் படிகளே லெவல்கள். அங்கேயே விளக்கத் தொடங்கி என் டீ ஆறிப்போனதுதான் மிச்சம் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாங்கள் பின்பற்றுவது 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகள்.

ஐந்தாம் லெவலை எட்டும் முன் பார்பேரியன் வேறு வகுப்பில் கால் வைப்பது நட்டக் கணக்கு என்பதே என் கருத்து. ஒரே டர்னில், அதாவது சண்டையில் தன் வாய்ப்பு வரும்போது, இரண்டு முறை தாக்கும் உரிமை அந்த வகுப்பின் ஐந்தாம் லெவலில்தான் வருகிறது. மூன்று லெவல் பார்பேரியன், மூன்று லெவல் ஃபைட்டர் என்று பிரித்துக்கொண்டவர், ஓய்வுக்கு ஒருமுறை கூடுதல் தாக்குதலுக்கு வழிதரும் ஆக்‌ஷன் சர்ஜைத் தவிர்த்துப் பார்த்தால், மொத்தத்தில் ஆறாம் லெவலிலும் டர்னுக்கு ஒரு வெட்டுதான் வெட்டுவார். திறன் மதிப்பை உயர்த்தும் வாய்ப்பும் அந்தந்த வகுப்பின் நான்காம் லெவலில் வருவதால், அதையும் அவர் இழந்திருப்பார். இரண்டு வகுப்பிலும் ஐந்தைந்து லெவல் சேர்த்தாலும் தாக்குதல் இரண்டுதான், மூன்றாகாது. இருபதாம் லெவலை மனத்தில் வைத்துப் போடும் திட்டங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன; ஆனால் எங்கள் ஆட்டம் எதுவும் எட்டாம் லெவலைத் தாண்டியதில்லை, அதற்குள் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகிவிடும், அல்லது பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம் வந்துவிடும்.

ஐந்துக்குப் பிறகு பிரிப்பதென்றால், ஃபைட்டரை விட, பதுங்கித் தாக்கும் வகுப்பான ரோக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். ரோக்கின் ஸ்னீக் அட்டாக்குக்கு (எதிரி அசந்த நேரத்தில் விழும் கூடுதல் சேதம்) ஃபினெஸ் ஆயுதமோ (வலிமையாலோ சுறுசுறுப்பாலோ வீசக்கூடியது) தொலைவிலிருந்து எய்யும் ஆயுதமோ வேண்டுமே தவிர, சுறுசுறுப்பைக் கொண்டுதான் தாக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆகவே ஃபினெஸ் வகை மெல்லிய நீண்ட வாளான ரேப்பியரை வலிமையால் வீசினால், பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக் (தற்காப்பை விட்டு மோதுவது) தரும் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது), ரேஜ் என்ற வெறிநிலையின் கூடுதல் சேதம், ஸ்னீக் அட்டாக் ஆகிய மூன்றும் ஒரே அடியில் சேர்கின்றன. பெருங்கோடரியின் 12 முகப் பகடைக்குச் சராசரி 6.5, ரேப்பியரின் 8 முகப் பகடைக்கு 4.5. ரோக்கில் மூன்று லெவல் எடுத்தபின் ஸ்னீக் அட்டாக்கின் இரண்டு ஆறு முகப் பகடை டர்னுக்கு ஒருமுறை சராசரியாக 7 சேர்ப்பதால், இரண்டு வெட்டும் விழுந்தால் கோடரிக்கு 13, ரேப்பியருக்கு 16. அதற்குமேல் இன்னொரு கையில் கேடயமும் இருக்கும். ஆனால் ஒரே லெவலோடு நிறுத்தினால் ஸ்னீக் அட்டாக்குக்கு ஒரு பகடைதான், ரேப்பியருக்கு 12.5தான் வரும், ஆகையால் ஒரு லெவல் மட்டும் தொட்டுவிட்டு வருவதில் சேதக் கணக்கில் லாபமில்லை. ரேஜும், ரோக் சட்டென ஓடவோ ஒளியவோ உதவும் கன்னிங் ஆக்‌ஷனும் டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனுக்குப் போட்டியிடுவதால் முதல் டர்னில் சற்றுத் திணறத்தான் செய்யும்.

பார்பேரியனைக் 'காட்டுமிராண்டி' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் வளரும் செம்மறை மாடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முரட்டுக் கோபமும் வேகமான நடையும் ஒரே உடம்பில் இருக்கும். என் பாத்திரத்தை அந்த மாட்டை நினைத்தே உருவாக்கினேன்.

மந்திரவாதியோடு கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஜில் இருக்கும்வரை மந்திரம் போடவும் முடியாது, ஏற்கெனவே போட்டதைக் கவனத்தில் நிறுத்தி வைக்கவும் முடியாது.

தம்பிக்கு எழுதிக்கொடுத்தது இதுதான்: வலிமைக்கு 15, உடலுறுதிக்கு 14, சுறுசுறுப்புக்கு 13. வகுப்புகளைக் கலக்க, பார்பேரியன் வலிமையிலும் ரோக் சுறுசுறுப்பிலும் கேட்கும் குறைந்தபட்ச 13 இதிலேயே அமைந்துவிடுகிறது. அறிவுக்கு 8 போதும் என்றதும் அவர் முகம் வாடியது. தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் அவர் ரகசியமாக எழுதி வைத்திருந்த மந்திரவாதித் திட்டத்துக்கு அறிவில் 13 தேவைப்பட்டது.