டோலோ போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். இந்தக் காலத்து காலேஜ் பிள்ளைகளுக்கு நோய் நொடி பற்றி ஒரு விழிப்புணர்வும் கிடையாதாம், கொரோனா சமயத்தில் மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்து ஊருக்கெல்லாம் பரப்பியதே அவர்கள்தானாம். சாம்பார் வாளி வந்துகொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். அப்போது நாட்டு நலப்பணித் திட்டமும் என் தலையில்தான். 2020 ஏப்ரலில் ஊரே அடைத்துக் கிடந்தபோது மேலிடத்திலிருந்து எனக்கு வந்த வேலை, கொரோனா விழிப்புணர்வு வினாடி வினா நடத்து என்பது. (பாதிச் சம்பளம் வந்த மாதங்கள் அவை, அது வேறு கதை.) கூகுள் ஃபார்மில் இருபது, இருபத்தைந்து கேள்வி, 40 சதவீதம் எடுத்தால் மெயிலில் சான்றிதழ். நடத்தாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிற அளவுக்கு எல்லாரும் நடத்தினார்கள். கோவிட்-19இல் அந்த 19 எதைக் குறிக்கிறது, கையை எத்தனை நொடி கழுவ வேண்டும், வைரஸ் முதலில் கண்டறியப்பட்டது எந்த நகரம். பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். ஒருத்தியிடம் முப்பத்தெட்டு சான்றிதழ் இருந்தது, கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும், பார்த்தே இராத கல்லூரிகளின் முத்திரையோடு.

அதே பெண்ணை 2021 பிப்ரவரியில், கல்லூரி முழுசாகத் திறந்து விடுதியும் நிரம்பிய பிறகு, ஒரு நாள் காலை கேட்டில் பார்த்தேன். வாட்ச்மேன் துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தத் தெர்மாமீட்டரை நெற்றிக்கு நேரே நீட்டுகிறார், 97 காட்டுகிறது, போ போ என்கிறார். பிள்ளைக்குக் கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. ஏம்மா என்றேன். தூங்கல சார் என்றாள். பல மாதம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னாள். அன்றைக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். ஒன்பது மணி கேட்டுக்கு எட்டு மணிக்கே டோலோ போட்டுவிட வேண்டும், ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும், மத்தியானம் வரைக்கும் தாங்கும், அதற்கப்புறம் ஏறினால் லேபுக்குள் யார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள். இதுதான் கணக்கு. விடுதியில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தெரியுமாம்.

இதையா அறியாமை என்பது? மருந்து எப்போது பிடிக்கும் எப்போது விடும் என்று தெரிந்தவளால்தானே இப்படி நேரம் பார்த்து விழுங்க முடியும்.

ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் அந்த மாடியையே காலி பண்ணி வீட்டுக்கு அனுப்புவார்கள், செமஸ்டர் நேரத்தில் நாற்பது பேர் வாயில் விழ முடியாது, ஊருக்குப் போனால் தெருவில் அம்மாவால் தலைகாட்ட முடியாது. மூன்று காரணம், மூன்றும் உண்மை. நோயோடு போராடுங்கள், நோயாளியோடு போராடாதீர்கள் என்று யாருக்கு ஃபோன் போட்டாலும் ரிங் போவதற்கு முன்னால் ஒரு பெண் குரல் தினம் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடத்தில்தான் சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தார்கள். இதையெல்லாம் டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளை, காய்ச்சல் வந்ததும் வார்டனிடம் ஓடுமா, மாத்திரைக்கு ஓடுமா?

2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்ததே, அவர்களுக்குப் படிப்பறிவு குறைச்சலா? ஒரே ஒரு மெஸ்தான் திறந்திருந்தது, அத்தனை பேரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். மாஸ்க்கைக் கழற்றாமல் சோறு தின்ன எந்த வினாடி வினாவும் சொல்லிக்கொடுக்காது.

சரி, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. நோயைத் தெரிந்துவைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரியைத் தெரிந்துவைத்திருக்கவில்லை. 2021 மே, மாநிலத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குத் தொற்று என்று வந்த அந்த வாரம், ராத்திரி பதினொன்றுக்கு எங்கள் துறையில் முதல் மார்க் வாங்கும் மாணவன் கூப்பிட்டான். அம்மாவுக்கு ஆக்சிஜன் 89 காட்டுதாம். 94க்குக் கீழே ஆபத்து என்று தெரியும், சிடி ஸ்கேனில் என்ன தெரியும் என்பதுகூடத் தெரியும். எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. அம்மா சர்க்கரைக்கு என்னடா மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மஞ்சள் கலர் என்கிறான். காப்பீட்டு அட்டை இருக்கா என்றால், ரேஷன் கார்டா சார் என்கிறான். எனக்கும் கை கால் ஓடவில்லை. அவன் வகுப்பிலேயே பதினோரு அரியர் வைத்திருந்த ஒருவனை லைனில் சேர்த்தேன் (2020 ஆகஸ்டில் அரியர் தேர்வு ரத்து என்றதும் முதலமைச்சருக்குப் பேனர் கட்டிய கூட்டத்தில் அவனும் உண்டு). அவன் பாட்டிக்கு இரண்டு வருடம், வாரம் இரண்டு தடவை, பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குத் துணை போனவன்.

"108க்கு இப்பவே போடு. வர்ற வரைக்கும் அம்மாவக் குப்புறப் படுக்க வை. சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போடு, ஆதார், ரேஷன் கார்டு, சார்ஜர், ஃபிளாஸ்க். போனதும் ஓபி சீட்டு வரிசையில போய் நிக்காத, பின்னாடி கேட் வழியா நேரா எமர்ஜென்சி."

மூச்சுவிடாமல் சொன்னான். பதினோராம் நாள் அந்த அம்மா வீடு திரும்பினார். அவனிடம் ஒரு விழிப்புணர்வுச் சான்றிதழ்கூடக் கிடையாது, கேட்டுப் பார்த்தேன்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் பந்திக்காரருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து அதற்கடுத்த நாள் இறந்துபோனார். ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னதைப் பாதிப் பிள்ளைகள் நம்பவே இல்லை. ஆனால் அவர்களுடைய அப்பாக்களும் நம்பவில்லை, ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியும் நம்பவில்லை.

இந்த செமஸ்டரும் சுகாதார வாரம் வந்திருக்கிறது. டெங்கு பற்றி அதே ஃபார்ம், அதே சான்றிதழ். விடுதியில் காய்ச்சல்காரர்களுக்கென்று ஒரு தனி அறை, கூடவே காய்ச்சல் என்று சொன்னால் வருகைப்பதிவில் கை வைக்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை, இரண்டையும் எழுதிக் கேட்டு மூன்று வருடமாகிறது, அறையில் இப்போது பழைய விடைத்தாள் கட்டு இருக்கிறது. இந்தத் தடவை ஃபார்மில் கடைசிக் கேள்வியாக, உனக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று போட்டேன். அம்மா, அறைத்தோழி, வார்டன், யாரிடமும் இல்லை. ஃபார்ம் தயார் பண்ணும் புதுப் பையன் நேற்று வந்து நிற்கிறான், "சார், இதுக்குக் கரெக்ட் ஆன்சர் எதுன்னு வைக்கிறது? வைக்கலைன்னா மார்க் போடாது."